பரிசலுக்கும் பந்தயப் படகுக்கும் நடுவே... ரோயிங் பழக எந்தப் படகு சரி?

ஜிம்முக்குப் போகிறவர்களுக்கு ரோயிங் மெஷின் புதிதல்ல. டிரெட்மில்லில் இடம் கிடைக்காத நாளில் அதில் ஏறிப் பத்து நிமிடம் இழுத்தவர்கள், பிறகு அதற்கே ரசிகர் ஆனதும் உண்டு. கால், முதுகு, கை என மொத்த உடம்புக்கும் வேலை. முழங்காலில் அடி விழாது. அடுத்த கட்டமாக, "இதையே ஒரு ஏரியிலோ காயலிலோ நிஜப் படகில் செய்தால் எப்படி இருக்கும்?" என்று தோன்றுவது இயல்பு.

அங்கேதான் முதல் அதிர்ச்சி. மெஷினில் தினமும் 5,000 மீட்டர் இழுப்பவர், ஒல்லியான பந்தயப் படகில் முதல்முறை உட்கார்ந்தால் ஒரே நிமிடத்தில் தண்ணீரில் இருக்க வாய்ப்பு அதிகம். உடம்பில் பலம் இல்லாததால் அல்ல. மெஷின் தரையில் நிற்கிறது, அது சாயவே சாயாது. அதனால் பேலன்ஸ் என்ற பாடத்தை அது சொல்லித் தருவதே இல்லை.

விழுந்தவர் எடுக்கும் முடிவு பெரும்பாலும் இரண்டில் ஒன்று. "இது நமக்கு செட் ஆகாது" என்று ரோயிங்கையே விட்டுவிடுவார். இல்லையென்றால், "கிடைப்பதிலேயே அகலமான படகைக் கொடுங்க" என்று கேட்டு வாங்கி, அது நகரவே மாட்டேன் என்கிறது என்று மூன்றே மாதத்தில் மூலையில் போடுவார். இரண்டுமே தேவையில்லாத இழப்பு. 'ஸ்டேபிள்' படகு என்றால் உண்மையில் என்ன என்று புரிந்துகொண்டால், இரண்டையும் தவிர்க்கலாம்.

இரண்டு எல்லைகள்

படகுகளை ஒரு கோட்டில் நிறுத்திப் பார்க்கலாம். ஒரு முனையில் நம்ம ஊர் ஒகேனக்கல் பரிசல். வட்ட வடிவம், மூங்கில் பின்னல், தட்டையான அடிப்பாகம், இரண்டு மீட்டரைத் தாண்டும் குறுக்களவு. அளவான ஆட்களோடு, தரையில் உட்கார்ந்தபடி போனால் லேசில் கவிழாது. ஆனால் ஒரு பக்கம் துடுப்பு போட்டால் சுற்றும். நேராக ஓட்டுவதற்குப் பரிசல்காரரின் பல வருடக் கைப்பழக்கம் வேண்டும்.

மறுமுனையில் ஒலிம்பிக்கில் பார்க்கும் ஒற்றையர் பந்தயப் படகு. நீளம் சுமார் 8 மீட்டர். தண்ணீரைத் தொடும் இடத்தில் அகலம் 30 சென்டிமீட்டர் அளவுதான். பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றின் நீளம். போட்டி விதிப்படி குறைந்தபட்ச எடை 14 கிலோ. அம்பு மாதிரி நேராகப் போகும். துடுப்பை மட்டும் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டால், நிறுத்தி வைத்த சைக்கிள் போலச் சாய்ந்துவிடும்.

பொழுதுபோக்காகத் துடுப்பு போடவும், ஒரு நாள் இரண்டு நாள் டூர் போகவும் ஏற்ற படகு, இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி.

அகலம் ஏன் இவ்வளவு முக்கியம்?

படகு ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கம் தண்ணீரில் கூடுதலாக அமுங்குகிறது. அமுங்கிய பக்கத்தைத் தண்ணீர் மேலே தள்ளுகிறது. இந்தத் தள்ளல்தான் படகைத் திரும்ப நிமிர்த்துகிறது. நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் அது தள்ளுகிறதோ, அவ்வளவு வலு. கதவைக் கீலுக்குப் பக்கத்தில் தள்ளுவதற்கும், கைப்பிடி பக்கம் தள்ளுவதற்கும் உள்ள அதே வித்தியாசம்.

இதில் ஒரு கணக்கு சுவாரஸ்யமானது. எடையும் வடிவமும் மாறாமல், நீர்மட்டத்தில் படகின் நீளத்தை மட்டும் இருமடங்காக்கினால், வடிவத்தால் கிடைக்கும் நிமிர்த்தும் திறன் இருமடங்காகும். அகலத்தை இருமடங்காக்கினால் எட்டு மடங்காகும்! அதனால்தான் 30 சென்டிமீட்டரிலிருந்து 40-க்குப் போவது காகிதத்தில் சின்ன மாற்றமாகத் தெரிந்தாலும், உட்கார்ந்து பார்த்தால் முற்றிலும் வேறு படகாக இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் கூட்டியதற்கே கிட்டத்தட்ட 2.4 மடங்கு.

இங்கே கவனிக்க வேண்டியது 'நீர்மட்டத்தில்' என்ற சொல். விளம்பரத்தில் பெரும்பாலும் போடுவது மேல் விளிம்பின் மொத்த அகலம். மேலே 75 சென்டிமீட்டர் விரிந்து, தண்ணீரைத் தொடும் இடத்தில் 45 சென்டிமீட்டராகச் சுருங்கும் படகும் உண்டு. இரண்டு படகை ஒப்பிடும்போது, "வாட்டர்லைன் அகலம் எவ்வளவு?" என்று தனியாகக் கேட்க வேண்டும்.

அடுத்தது உயரம். உட்காரும் இடம் எவ்வளவு மேலே போகிறதோ, அவ்வளவு தள்ளாட்டம். வசதிக்காகப் போடும் தடிமனான குஷன் கூட ஒல்லியான படகின் குணத்தை மாற்றிவிடும். படகில் எழுந்து நிற்கக் கூடாது என்று சொல்வதற்கும் இதே காரணம்தான். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். இரண்டு தளம் கொண்ட அந்தப் படகில், விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் நகர்ந்தது பற்றி அப்போது பரவலாகப் பேசப்பட்டது. துடுப்புப் படகும் அந்தப் பெரிய படகும் வேறு வேறு ரகம். ஆனால் எடை எங்கே இருக்கிறது, எப்படி நகர்கிறது என்ற விதி இரண்டுக்கும் ஒன்றே.

'ஸ்டேபிள்' என்பதற்குள் இரண்டு அர்த்தம்

படகு விற்பவர் "ரொம்ப ஸ்டேபிள் சார்" என்று சொன்னால், எந்த ஸ்டேபிள் என்று கேட்கலாம்.

முதலாவது, ஆரம்ப நிலைத்தன்மை. ஏறி உட்கார்ந்ததும் ஆடாமல் இருப்பது. தட்டையான அடிப்பாகம் உள்ள படகுகளில் இது அதிகம். கரையிலேயே தெரிந்துவிடும் என்பதால் வாங்குபவர் மனதை உடனே ஜெயிக்கும்.

இரண்டாவது, இறுதி நிலைத்தன்மை. படகு நன்றாகச் சாய்ந்த பிறகு "இதுக்கு மேல போகாது" என்று பிடித்து நிறுத்தும் குணம். பக்கவாட்டுச் சுவர் மேலே போகப் போக வெளிப்பக்கம் விரியும் படகுகளில் இது நன்றாக இருக்கும். உட்கார்ந்ததும் கொஞ்சம் ஆடும். பயம் காட்டும். ஆனால் சாயச் சாய அகலம் கூடுவதால், ஒரு கட்டத்தில் உறுதியாக நிற்கும்.

அலை இல்லாத ஏரிக்கு முதல் வகை போதும். அலை வரும் இடத்தில் கதை வேறு. அகலமான, தட்டையான படகு எப்போதும் தண்ணீரின் மேற்பரப்புக்கு இணையாக இருக்கப் பார்க்கும். தண்ணீர் சமமாக இருக்கும்வரை அது நல்லது. பக்கவாட்டில் அலை வந்தால் மேற்பரப்பே சாய்கிறது. படகும் கூடவே சாய்கிறது. கொஞ்சம் வளைந்த அடிப்பாகம் உள்ள படகு, அலையைத் தனக்குக் கீழே நழுவவிட்டு, ஓரளவு நிமிர்ந்தே இருக்கும். கரையோரம் பாறை மாதிரி நின்ற படகு, அலையில் பேயாட்டம் ஆடுவதற்கு இதுதான் காரணம்.

துடுப்பும் படகின் பாகம்தான்

கயாக், கேனோ ஆகியவற்றிலிருந்து ரோயிங் படகு மாறுபடும் முக்கியமான இடம் இது. ஒற்றையர் படகில் இரண்டு துடுப்புகளும் படகோடு பூட்டப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.8 மீட்டர் நீளம். படகின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் சட்டத்துக்குப் பெயர் ரிக்கர். அதன் நுனியில் உள்ள பூட்டில் துடுப்பு சுழலும். இரண்டு பூட்டுகளுக்கும் இடையே சுமார் 1.6 மீட்டர்.

கைப்பிடிகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, துடுப்பு இலைகளைத் தண்ணீர்மேல் தட்டையாக வைத்தால், நுனிக்கு நுனி 5 மீட்டருக்கு மேல் விரிந்த இறக்கை கிடைக்கிறது. அந்த நிலையில் ஒல்லியான பந்தயப் படகைக் கூடக் கவிழ்ப்பது கஷ்டம். புதியவர்கள் கவிழ்வது பெரும்பாலும் ஒரு கைப்பிடியை விட்டுவிடும்போதுதான்: தொப்பியைச் சரிசெய்ய, வியர்வை துடைக்க, போனை எடுக்க.

ஆகவே அகலமான படகு வாங்குவது என்பது, கைப்பிடியை நொடி நேரம் விட்டாலும் மன்னிக்கும் படகை வாங்குவது. தண்ணீர் குடிக்கவும், போட்டோ எடுக்கவும், சும்மா உட்கார்ந்து பறவை பார்க்கவும் ஆசைப்படும் டூரிங் பயணிக்கு இது ஆடம்பரம் இல்லை, அடிப்படை.

இன்னொரு காரணமும் உண்டு. ரோயிங்கில் போகும் திசைக்கு முதுகு காட்டித்தான் உட்கார முடியும். சில இழுப்புகளுக்கு ஒருமுறை தலையைத் திருப்பி முன்னால் பார்க்க வேண்டும். தள்ளாடும் படகில் தலையைத் திருப்புவதே பயமாக இருக்கும். பயத்தில் திரும்பிப் பார்க்காமலே போவார்கள். மீன்வலை, பாறை, எதிரே வரும் மோட்டார் படகு எதுவும் கண்ணில் படாது. ஸ்டேபிள் படகின் உண்மையான பாதுகாப்பு இதில்தான் இருக்கிறது: சுற்றிப் பார்க்கும் தைரியத்தை அது கொடுக்கிறது.

அப்போ ரொம்ப அகலமாவே வாங்கிடலாமா?

கூடாது. அகலம் கூடக்கூட தண்ணீரோடு உரசும் பரப்பு கூடும், எடை கூடும், காற்று அதிகம் பிடிக்கும். ஒரு மீட்டருக்கு மேல் அகலமான தட்டைப் படகை ஒருவர் தனியாக எதிர்காற்றில் இழுப்பது தண்டனை.

அதே சமயம் வேகத்துக்காக ரொம்ப ஒல்லியாகப் போகவும் அவசியம் இல்லை. டூரிங்கில் நாள் முழுக்கத் தாங்கும் வேகம் மணிக்கு 6 முதல் 8 கிலோமீட்டர். ஏறக்குறைய 5 மீட்டர் நீளப் படகே மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டரை நெருங்கும்போதுதான் தன் அலையிலேயே சிக்கித் திணறத் தொடங்கும். அதாவது டூர் போகிறவர் 8 மீட்டர் படகின் வேகத்தைப் பயன்படுத்தப் போவதே இல்லை. வேகத்தைக் கால் பங்கு கூட்ட வேண்டுமென்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி செலவாகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், டூரிங்கில் வேகத்துக்கு ஆசைப்படுவது எவ்வளவு நஷ்டம் என்று புரியும்.

இன்னொரு பக்கம், புதியவர் ஒல்லியான படகில் பயந்து பாதி இழுப்புதான் போடுவார். கொஞ்சம் அகலமான படகில் முழு நீளத்துக்கு இழுப்பார். ஸ்டாப்வாட்ச் வைத்தால், 'மெதுவான' படகுதான் முதலில் வந்து சேரும்.

உலகம் எந்தப் படகைத் தேர்ந்தெடுத்தது?

நடுவழியைத் தேடியவர்கள் பல ஊர்களில் இருந்திருக்கிறார்கள்.

அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ஆர்தர் மார்ட்டின் 1971-ல் 'ஆல்டன் ஓஷன் ஷெல்' என்ற படகைக் கொண்டுவந்தார். நீளம் 16 அடி, அதாவது 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அகலம் 60 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். பந்தயப் படகில் இருக்கும் நகரும் இருக்கையையும் ரிக்கரையும், அலை தாங்கும் ஹல்லோடு சேர்த்தார். பொழுதுபோக்கு ரோயிங் என்ற பிரிவு அமெரிக்காவில் வளர்ந்ததற்கு இந்தப் படகு ஒரு முக்கியக் காரணம்.

ஜெர்மனியில் ஆற்றுவழியே நாள்கணக்கில் துடுப்பு போட்டுப் போவது நூறாண்டு தாண்டிய பழக்கம். அங்குள்ள கிளப்களில் பந்தயப் படகுகளோடு, 'கிக்' எனப்படும் அகலமான, பல பேர் உட்காரும் டூரிங் படகுகளும் இருக்கும். ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டர் ஓட்டினால் பேட்ஜ் என்ற வழக்கமும் உண்டு. மெடல் வாங்காதவருக்கும் கிளப்பில் மரியாதையான இடம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்காட்லாந்து இன்னும் ஒருபடி மேலே போனது. அன்ஸ்ட்ரதர் என்ற ஊரில் உள்ள ஸ்காட்டிஷ் மீன்பிடி அருங்காட்சியகம் 2009-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஃபேர் ஐல் தீவின் பாரம்பரியப் படகை மாதிரியாக வைத்து, ஐயன் ஓட்ரெட் ஒரு படகை வடிவமைத்தார். 'செயின்ட் அயில்ஸ் ஸ்கிஃப்' என்று பெயர். 22 அடி நீளம், துடுப்பு போட நான்கு பேர், திசை பார்க்க ஒருவர். பிளைவுட் துண்டுகளாக வரும் இதை ஊர்மக்களே சேர்ந்து செய்துகொள்ளலாம். கடலோர கிராமங்கள் ஒவ்வொன்றாகப் படகு கட்டத் தொடங்கின. அது ஒரு இயக்கமாகவே மாறியது. அகலமான படகு என்பதால் இளைஞர்கள், ஓய்வுபெற்றவர்கள், முதல்முறை வருபவர்கள் எல்லாரும் ஒரே படகில் உட்கார முடிகிறது.

போட்டி உலகமும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 'பீச் ஸ்பிரின்ட்' என்ற கடற்கரை ரோயிங் அறிமுகமாகிறது. இதற்கான ஒற்றையர் கோஸ்டல் படகு அதிகபட்சம் 6 மீட்டர் நீளம், குறைந்தபட்சம் 35 கிலோ எடை. இரட்டையர் படகு 7.5 மீட்டர், 60 கிலோ. பந்தய ஒற்றையர் படகைவிட நீளம் குறைவு, எடை இரண்டரை மடங்கு. அகலமான படகு என்றால் 'கத்துக்குட்டி படகு' என்று கிண்டல் செய்தவர்களுக்கு இனி ஒலிம்பிக்கே பதில் சொல்லும்.

யாருக்கு எது?

*அமைதியான ஏரி, காலை ஒரு மணி நேரம், உடற்பயிற்சி:* 5 முதல் 6 மீட்டர் நீளம், வாட்டர்லைன் அகலம் 45 முதல் 60 சென்டிமீட்டர், நகரும் இருக்கை உள்ள பொழுதுபோக்கு ஒற்றையர் படகு. புதியவர் அகலமான பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது.

*காற்றும் அலையும் உள்ள காயல், பெரிய ஏரி, கரையோரக் கடல்:* கோஸ்டல் வகை. பின்பக்கம் திறந்திருப்பதால் உள்ளே வந்த தண்ணீர் தானாக வெளியேறும். எடை அதிகம் என்பதால் கரையிலிருந்து தண்ணீருக்குக் கொண்டுபோக டிராலி கண்டிப்பாக வேண்டும்.

*நண்பர்களோடு, சாமான்களோடு ஒரு நாளுக்கு மேல் பயணம்:* இரண்டு முதல் நான்கு பேர் உட்காரும் டூரிங் படகு. சாமான் வைக்க மூடியுள்ள அறை இருக்க வேண்டும்.

*பிள்ளைகளோடு, வீட்டுப் பெரியவர்களோடு:* இருக்கை நகராத, அகலமான, பக்கச் சுவர் உயரமான மரபுப் படகு. வேகம் குறைவு, பேச்சு அதிகம்.

*அபார்ட்மென்ட் வாசி, படகு வைக்க இடமே இல்லை:* இரண்டு மூன்று துண்டாகக் கழற்றும் படகு, அல்லது காற்று நிரப்பும் பலகைமேல் பொருத்தும் ரோயிங் செட். காற்றடைத்தவை நன்றாக நிலைக்கும். ஆனால் காற்று வீசும் நாளில் இழுத்துக்கொண்டு போய்விடும். கரையை ஒட்டியே பயன்படுத்த வேண்டும்.

எதை வாங்கினாலும், தயாரிப்பாளர் சொல்லும் ஓட்டுபவர் எடை வரம்பைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. 90 கிலோ ஆளுக்கான படகில் 55 கிலோ ஆள் உட்கார்ந்தால் படகு தண்ணீருக்கு மேலே மிதந்து காற்றுக்கு ஆடும். வரம்பைத் தாண்டிய எடை ஏறினால் படகு தாழ்ந்து, ரிக்கர் அலையில் இடிக்கும், தண்ணீர் உள்ளே வரும். டூரிங் போகிறவர் தன் எடையோடு சாமான் எடையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். குடிதண்ணீர் மட்டுமே லிட்டருக்கு ஒரு கிலோ.

அந்தச் சாமானையும் எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம்: அடியில், நடுவில், நகராதபடி கட்டி. படகுக்குள் தேங்கும் தண்ணீர் இன்னும் மோசமான சாமான். சாயும் பக்கமெல்லாம் அதுவும் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். அதனால் தண்ணீரை வெளியேற்றும் வசதி இல்லாத திறந்த படகு, கரையில் எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் அலையில் நம்பத்தக்கது இல்லை.

கவிழ்ந்த பிறகு என்ன? கட்டுமரம் சொல்லும் பாடம்

படகு வாங்கும்போது பலரும் கேட்கும் கேள்வி: "இது கவிழுமா?" கேட்க வேண்டிய கேள்வி: "கவிழ்ந்தால் நான் திரும்ப ஏற முடியுமா?"

இந்தக் கேள்விக்கு நம் கடற்கரை எப்போதோ பதில் சொல்லிவிட்டது. கட்டுமரம் என்பது மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டியது. ஆங்கிலத்துக்குப் போய் உலகமெல்லாம் சுற்றிய தமிழ்ச்சொல். அலை மேலே ஏறினால் தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியே ஓடிவிடும். புரண்டாலும் மூழ்காது, மீனவர் அதைப் பிடித்து, திருப்பி, மேலே ஏறிக்கொள்வார். கவிழவே கவிழாது என்ற நம்பிக்கையில் கட்டியது அல்ல அது. கவிழ்ந்தாலும் ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்ற யோசனையில் கட்டியது. இன்றைய கோஸ்டல் படகின் திறந்த பின்பக்கம் அதே யோசனையின் ஃபைபர் வடிவம்.

எந்தப் படகை வாங்கினாலும் அதற்கு முன்னும் பின்னும் காற்றுப் புகாத மிதவை அறைகள் இருக்க வேண்டும். கால்களைக் கட்டும் ஷூ, தலைகீழாக இருந்தாலும் ஒரே இழுப்பில் கழன்றுவர வேண்டும். மிக அகலமான, கனமான படகு கவிழ்வது அரிது. ஆனால் கவிழ்ந்துவிட்டால் தனியாளால் நிமிர்த்த முடியாமல் போகலாம். 'அதிக ஸ்டேபிள்' என்பது 'அதிகப் பாதுகாப்பு' என்று ஆகிவிடாததற்கு இதுதான் காரணம்.

திரும்ப ஏறும் முறை எளிமையானது. படகை நிமிர்த்த வேண்டும். இரண்டு துடுப்புகளையும் படகுக்குக் குறுக்காக விரித்து, இரண்டு கைப்பிடிகளையும் ஒரே கையில் சேர்த்துப் பிடிக்க வேண்டும். மறுகையைப் படகில் ஊன்றி, காலை உதைத்து, முதலில் வயிற்றைப் படகின்மேல் கொண்டுவந்து, பிறகு மெதுவாகத் திரும்பி உட்கார வேண்டும். கைப்பிடியை மட்டும் கடைசிவரை விடக் கூடாது. படிக்க எளிது, இடுப்பளவு தண்ணீரில், பழகியவர் பக்கத்தில் நிற்க, நான்கைந்து முறை செய்து பார்த்தால்தான் வரும். ஏற முடியாவிட்டால் படகை விட்டுக் கரைக்கு நீந்த முயலக் கூடாது. படகைப் பிடித்துக்கொண்டு உதவிக்குக் காத்திருப்பதே வழி. லைஃப் ஜாக்கெட்டும் நீச்சலும் பேரம் பேசுகிற விஷயங்கள் இல்லை.

வாங்கும் முன் ஐந்து டெஸ்ட்

1. துடுப்புகளைத் தண்ணீர்மேல் தட்டையாக வைத்து, இரு கைப்பிடிகளையும் ஒரே கையில் பிடித்தபடி, மறுகையால் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடிக்க முடிகிறதா?

2. நின்ற படகில் தோள் வரை திரும்பிப் பின்னால் பார்த்தால் படகு எவ்வளவு சாய்கிறது? சாய்ந்து நிற்கிறதா, சாய்ந்துகொண்டே போகிறதா?

3. காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது பத்து இழுப்பு போட்டால் நேராகப் போகிறதா? சுற்றினால், அடியில் சின்னத் துடுப்பு போன்ற ஃபின் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

4. வேண்டுமென்றே கவிழ்த்து, திரும்ப ஏற முடிகிறதா? இதற்கு அனுமதிக்காத இடத்தில் அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

5. கரையிலிருந்து வண்டி வரை தனியாகக் கொண்டுபோக முடிகிறதா? தூக்க இன்னொரு ஆள் வேண்டும் என்றால், அந்த ஆள் வராத நாளெல்லாம் படகும் வராது.

ஐந்தில் நான்காவதில் தோற்கும் படகு, மற்ற நான்கில் ஜெயித்தாலும் வேண்டாம். மற்றதெல்லாம் வசதி, அது உயிர்.

நம்ம ஊரில் என்ன மாற வேண்டும்?

ரோயிங் தமிழ்நாட்டுக்கு அந்நியமான விளையாட்டு இல்லை. அடையாற்றங்கரையில் உள்ள மெட்ராஸ் போட் கிளப் 1867-ல் தொடங்கியது. கொழும்பு ரோயிங் கிளப்போடு அது நடத்தும் போட்டி 1898-லிருந்து வரும் மரபு. 1863-ல் உருவாக்கப்பட்ட கொடைக்கானல் ஏரியில் சுற்றுலாப் பயணிகள் இன்றும் துடுப்புப் படகில் போகிறார்கள். ஊட்டி ஏரி, முட்டுக்காடு, பிச்சாவரம் என்று தண்ணீருக்கும் பஞ்சமில்லை.

இருந்தும் நடுவில் ஒரு பெரிய இடைவெளி. ஒரு பக்கம் மெடலுக்காகத் தினமும் பயிற்சி எடுக்கும் வீரர்கள். இன்னொரு பக்கம் படகோட்டி ஓட்ட, உட்கார்ந்து செல்ஃபி எடுக்கும் பயணிகள். வார இறுதியில் தானே துடுப்பு போட்டு, பத்து கிலோமீட்டர் போய்வர விரும்பும் ஐ.டி. ஊழியருக்கோ, கல்லூரி மாணவிக்கோ, ஐம்பது வயதில் முழங்கால் வலியோடு ஓட்டப்பயிற்சியை நிறுத்தியவருக்கோ இந்த இரண்டிலும் இடமில்லை. அந்த இடத்தை நிரப்பும் கருவிதான் அகலமான படகு.

இதற்குப் பெரிய ஸ்டேடியம் தேவையில்லை. சுற்றுலாத் துறையின் படகு இல்லங்களும், கிளப்களும், கல்லூரிகளும் தலா நான்கைந்து ஸ்டேபிள் படகுகளை வாங்கி வைக்கலாம். அதோடு ஒரு பயிற்சியாளர், ஒரு பாதுகாப்புப் படகு, முதல் நாளே கவிழ்ந்து திரும்ப ஏறச் சொல்லித்தரும் கட்டாய வகுப்பு. காலையில், கடற்காற்று வலுப்பதற்கு முன் இரண்டு மணி நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டால் போதும். ஸ்காட்லாந்தின் கிராமங்கள் பிளைவுட்டில் செய்ததை, பரம்பரையாகப் படகு கட்டும் கைகள் உள்ள நம் கடலோர ஊர்கள் இன்னும் சிறப்பாகவே செய்ய முடியும்.

தனியாக வாங்க நினைப்பவருக்கும் செய்தி அதேதான். யாரோ ஒல்லியான படகில் கெத்தாகப் போகிறார் என்பதற்காக அதை வாங்க வேண்டாம். பயத்தில் நகராத மிதவையையும் வாங்க வேண்டாம். தான் போகப்போகும் தண்ணீர் தன் மோசமான நாளில் எப்படி இருக்கும் என்று யோசித்து, அந்த நாளில் விழுந்தாலும் தானே திரும்ப ஏறக்கூடிய படகை வாங்க வேண்டும். பழகிய பிறகு ஒல்லியான படகுக்கு மாறுவது சுலபம். முதல் நாளே பயந்து கரையேறியவரைத் திரும்பத் தண்ணீருக்குக் கூட்டிவருவதுதான் கஷ்டம்.